நாச்சியாபுரத்துக் காற்றின் உயரம்

ஹேமாவதி கேட்டது பூமியைப் பற்றி. அரசாங்கம் வானத்திலிருந்து பதில் அனுப்பியது.

அவள் மனு நாலே வரிதான். நாச்சியாபுரத்துக்குக் கிழக்கே பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலை ராத்திரி முழுக்கப் புகை விடுகிறது. பனிக்காலத்தில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது. என் மகள் அகிலாவுக்கு ஒன்பது வயது, விடியற்காலையில் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். தயவுசெய்து உலையை நிறுத்துங்கள். போன தை மாதம் சிவகங்கையில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தது. பதில் வந்தது கார்த்திகையில். அது இரண்டு பக்கம் இருந்தது.

"செயற்கைக்கோள் பதிவின்படி, தங்கள் பகுதியில் தரைமட்டம் முதல் வான் உச்சி வரை உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு, சதுர மீட்டருக்கு 0.0002 மோல். சட்டம் அனுமதிக்கும் அளவு, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு அலகுகளில் இருப்பதால் எது பெரியது என்று இவ்வலுவலகத்தால் கூற இயலவில்லை. மனுதாரர் உரிய அலகுமாற்றச் சான்றுடன் அணுகலாம். ஆலை இயங்குவதற்கான இசைவாணை டிசம்பர் 31 அன்று ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட உள்ளது என்பதும் தெரிவிக்கப்படுகிறது."

அன்றைக்குத் தேதி டிசம்பர் மூன்று. ஹேமாவதி வாசலில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினாள். இருபத்தெட்டு நாள். அதற்குள் எண்பதுக்கு மேல் ஓர் எண் கிடைத்தால் உலை நிற்கும். கிடைக்காவிட்டால் அகிலாவுக்குப் பதினாலு வயது ஆகும்வரை புகை. காரைக்குடி டாக்டர் சொல்லியிருந்தார், "இந்த அஞ்சு வருசந்தாம்மா நுரையீரல் வளர்ற காலம். ஒண்ணு புகை போகணும், இல்லாட்டி நீங்க போகணும்." எங்கே போவது? புருஷன் சரவணக்குமார் மஸ்கட்டில் தச்சுவேலை. இவள் வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். சொந்தம் என்று சொல்ல அந்த ஓட்டு வீடு ஒன்றுதான்.

கடிதத்தை மூன்று முறை படித்தாள். தையல்காரிக்கு அது ஓரளவு புரிந்தது. மொத்தத் துணி எவ்வளவு என்று சொல்கிறார்கள், ரவிக்கை யார் உடம்புக்கு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

வான்–தரை அலகுமாற்ற வட்டார அலுவலகம் காரைக்குடியில் ஒரு வாடகை மாடிவீட்டில் இருந்தது. மாடியில் மேல்பிரிவு. அது வானத்தைப் பார்த்துக்கொண்டது. கீழே கீழ்ப்பிரிவு. அது தரையைப் பார்த்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே பதினெட்டுப் படிகள். மேலிருந்து ஒரு காகிதம் கீழே வர வேண்டுமானால் முதலில் சிவகங்கைக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், திரும்பிக் கீழ்வாசல் வழியாக வர வேண்டும். படியில் இறக்கினால் அது விதிமீறல்.

மேல்பிரிவுக் கண்காணிப்பாளர் சேவுகப்பெருமாள் அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார், பதிலைக் கேட்கவில்லை.

"உங்க ஊரு மேல வானம் ரொம்ப அழகா வந்திருக்கும்மா. இங்க பாருங்க." கணினியில் ஒரு மஞ்சள் கட்டத்தைக் காட்டினார். "இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஒரே கட்டம். நாச்சியாபுரம், காரைக்குடி, கண்டனூர் அம்புட்டும் இதுக்குள்ள அடக்கம்."

"எங்க தெரு எங்குட்டு சார் இருக்கு?"

"தெருவெல்லாம் கீழ்ப்பிரிவு. எனக்கு வானம் மட்டுந்தான். தரையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட அதிகாரமும் இல்ல."

"நீங்க மூச்சு விடுறது தரையிலதான சார்?"

சேவுகப்பெருமாள் யோசித்தார். "அது என் சொந்த விஷயம்."

கீழ்ப்பிரிவு உதவிப் பொறியாளர் ஹரிகிருஷ்ணன் கடிதத்தைத் தொடவில்லை. அது வானத்து அலகில் இருந்ததால் தொட்டால் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும். தள்ளி நின்று படித்தார். "உயரச் சான்று எங்க?" என்றார்.

"எதோட உயரம் சார்?"

"காத்தோட உயரம்."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்தில் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் இருந்த ஒரே இடம் அது. ஒப்பந்த ஊழியர் பொன்னழகுவின் மேசையும் அங்கேதான், எட்டாவது படிக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. எந்தப் பிரிவு என்று இன்னும் முடிவாகாத பெண்.

"இங்க வாங்கக்கா," என்று பொன்னழகு ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பினாள். "இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. மோலை நாப்பத்தாறால பெருக்குனா கிராம். அப்ப ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல மொத்தமா ஒம்பதாயிரத்து எரநூறு மைக்ரோகிராம் நிக்கிது. அது எம்புட்டு உயரத்துக்குள்ள கலந்து கெடக்கோ, அந்த உயரத்தால வகுக்கணும். அம்புட்டுத்தேன்."

"எம்புட்டு உயரத்துல கெடக்கும்?"

"விடியக்காலம் காத்து குளுந்து தாழ்வாக் கெடக்கும். நூறு மீட்டர்னு வைங்க. தொண்ணூத்திரண்டு வருது. எண்பதைத் தாண்டிருச்சு. மத்தியானம் வெயில்ல காத்து எழும்பி ஆயிரம் மீட்டருக்குப் பரவிரும். அப்ப ஒம்பதுதான்."

"ஒரே புகைதான?"

"ஒரே புகைதேன். அதுலயும் செயற்கைக்கோள் நம்ம ஊருக்கு வர்றது மத்தியானம் ஒண்ணரைக்கு. உலை அணைஞ்சு ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். விடியக்காலத்துல உள்ளதை எடுத்தா இன்னும் கூடத்தேன் இருக்கும். ஆனா நான் சொன்னா எழுத்துல வராதுக்கா. எனக்கு முத்திரை இல்ல."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹேமாவதி அந்தக் காலண்டர் தாளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றிரண்டு. குன்றக்குடி தாண்டும்போதுதான் சிரிப்பு நின்றது. எதற்குச் சிரிக்கிறேன்? என் பிள்ளையின் நெஞ்சுக்குள் தொண்ணூற்றிரண்டு போகிறது என்பதற்கா? அன்று சாயங்காலம் பிள்ளையார் முன் நின்றபோது கை கூப்ப வெட்கமாக இருந்தது. இருந்தும் கூப்பினாள். "அப்பனே, அது குறைஞ்சிறக் கூடாது." அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் மகனின் சர்க்கரை அளவு குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஹேமாவதிக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. நேரான வேண்டுதல் வாய்த்தவள்.

உயரச் சான்றுக்கு அலைந்தது ஒன்பது நாள். கிராம நிர்வாக அலுவலர் "நான் நிலத்துக்கு உண்டானவன் தாயி, வேணும்னா கிணத்துக்கு ஆழம் எழுதித் தாரேன்" என்றார். நில அளவர் சங்கிலியைக் காட்டி, இதை மேல்நோக்கிப் பிடிக்க ஆள் இல்லை என்றார். கடைசியில் பொன்னழகுதான் யாருக்கும் தெரியாமல், கூட்டம் போட்டு உயரத்தை நிர்ணயிக்கவும் என்று ஒரு குறிப்பு தட்டச்சு செய்து இரண்டு பிரிவுக்கும் நடுப்படியில் வைத்தாள். யார் வைத்தது என்று தெரியாததால் இருவருமே அதை மேலிடத்து உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் பதினைந்தாம் தேதி உயர நிர்ணயக் கூட்டம் கூடியது.

கோயில் திருவிழா முடிந்து சாமி மடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதாக இருந்திருக்காது. ஏலம் கூச்சத்தோடுதான் தொடங்கியது. நூறு மீட்டர் என்று பொன்னழகு எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்துவிட்டு, தொழில் துறையிலிருந்து வந்தவர் எழுந்தார்.

"நூறுங்கிறது ரொம்பக் கஞ்சத்தனம். நம்ம மாவட்டத்துக் காத்தை நாமளே மட்டம் தட்டலாமா? ஐந்நூறு."

"சீமையிலேருந்து ஆளுக வந்து பெரிய வீடுகளைப் படம் எடுத்துக்கிட்டுப் போறாக," என்றார் சுற்றுலாத் துறையிலிருந்து வந்தவர். "ஊரு பேரு கெட்டுறக் கூடாது. ஆயிரத்து ஐந்நூறு."

ஒவ்வொரு முறை உயரம் ஏறும்போதும் ஹரிகிருஷ்ணன் கால்குலேட்டரில் வகுத்து எண்ணைச் சொன்னார். பதினெட்டு. ஆறு. மூன்று. எண் குறையக் குறைய அறையில் ஒரு நிம்மதி பரவியது. யாரோ தேநீர் சொன்னார்கள். ஒரு புகையும் குறையாமல், ஓர் உலையும் அணையாமல், காற்று கண்ணெதிரே சுத்தமாகிக்கொண்டிருந்தது.

சேவுகப்பெருமாள் மட்டும் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்தார்.

"வானம் என் துறை. அதுக்கு எல்லை போட நீங்கள்ளாம் யாரு? முப்பத்தொரு வருசமா நான் வானத்தைப் பாக்கிறேன். இதுவரைக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜன்னலைத் திறந்து பாத்ததில்ல. அம்புட்டு நேர்மை. செயற்கைக்கோள் எங்க நிக்கிதோ அதுவரைக்கும் எல்லாம் காத்துதான். எழுநூறு கிலோமீட்டர்!"

"புள்ளி பூஜ்யம் ஒன்று மூன்று," என்றார் ஹரிகிருஷ்ணன். கை தட்டினார்கள். நாட்டிலேயே தூய்மையான காற்றுக்கு நாச்சியாபுரத்தைப் பரிந்துரைக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

ஹேமாவதி கடைசி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "சார், எம் மக நாலடி உசரம். அவ எழுநூறு கிலோமீட்டர்ல மூச்சு விடல. நாலடியிலதான் விடுறா."

ஹரிகிருஷ்ணன் அவளைப் பரிவோடு பார்த்தார். "நாலடின்னா ஒண்ணு புள்ளி ரெண்டு மீட்டர்." வகுத்தார். "ஏழாயிரத்து அறுநூத்துச் சொச்சம் வருதும்மா. இதுல ஒரு நிமிசம் கூட மனுசங்க தாக்குப்பிடிக்க முடியாது. உங்க பாப்பா இருக்கால்ல?"

"இருக்கா சார்."

"அப்ப உங்க வாதம் தப்பு."

அவள் உட்கார்ந்தாள். இருக்காளே என்பதுதான் அங்கே அவளுக்கு எதிரான சாட்சி என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் மனதின் ஒரு மூலை, ஐயோ, அந்தச் சாட்சி இல்லாமற்போனால் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டது. தன் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

உயரம் முடிவாகவில்லை. நூறுக்கும் எழுநூறு கிலோமீட்டருக்கும் நடுவே சமரசம் காண முடியாமல், தரையில் நேரடியாகக் கருவி வைத்து அளந்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். ஹேமாவதிக்கு உயிர் வந்தது. கருவி ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருடமாக மாடிப்படிக்கு அடியில் பெட்டியோடு இருந்தது. அதை வைக்கும் இடத்துக்குத்தான் விதிகள் இருந்தன. பூட்டு வேண்டும். தூசி, புகை, ஈரம், ஆள் நடமாட்டம் கூடாது. விலை உயர்ந்த கருவி, மாசு பட்டால் கெட்டுவிடும்.

"எங்க வீட்டு மாடத்துல வைங்க சார்," என்று கெஞ்சினாள்.

"உங்க வீட்டுல புகை வருதுன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்திருக்கீக?"

கருவி கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் வைக்கப்பட்டது. ஒரே கட்டத்துக்குள் இருக்கும் எந்த இடமும் மற்ற இடத்துக்குச் சமம் என்று விதி சொன்னது. சென்ற ஆவணிக் கல்யாணத்துக்குப் பிறகு திறக்காத வீடு. சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். காவலுக்கு இருந்த மலையம்மாளிடம் சாவியும், கருவியைத் துடைக்கக் கூடாது என்ற எழுத்து உத்தரவும் கொடுக்கப்பட்டன.

ஹேமாவதி அகிலாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். அரைப்பரீட்சை லீவு. கருவி இரண்டாங்கட்டுக் கூடத்தின் நடுவில் சின்ன முக்காலியில் இருந்தது. சுற்றிலும் கருங்காலித் தூண்கள். சிவப்பு எழுத்தில் 4.0 என்று எரிந்தது.

"நாலு," என்றாள் ஹேமாவதி.

திரும்பிப் பார்த்தால், பிள்ளை வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றிருந்தது. ஹேமாவதி பயந்துபோனாள். பிறகுதான் எது குறைகிறது என்று புரிந்தது. பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் அந்த விசில் சத்தம். ஒரு வருடமாகத் தூங்கும்போதும் தைக்கும்போதும் காதில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. அகிலா அடிவயிறு வரை மூச்சை இழுத்து, விட்டாள். மறுபடி இழுத்தாள். புது விளையாட்டு கிடைத்ததுபோலச் சிரித்தாள்.

மலையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "லீவு முடியிற வரைக்கும் எங்கூடக் கெடக்கட்டுமே ஆத்தா. எந்த ஆச்சி வந்து கேக்கப்போறாக? அடுத்த கலியாணம் தையிலதேன். இத்தாம் பெரிய வீட்டுல காத்து சும்மாத்தான கெடக்கு."

எட்டு நாள் அகிலா அங்கே தூங்கினாள். ஹேமாவதி காலையில் முதல் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். பிள்ளை தேறத் தேற, சிவப்பு எழுத்து நாலிலேயே நின்றது. அந்த நாலு தன் பிள்ளைக்கு மருந்து. அதே நாலு நாச்சியாபுரத்துக்கு ஐந்து வருடத் தண்டனை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் பையில் ஒரு சைக்கிள் டயர்த் துண்டும் தீப்பெட்டியும் கொண்டுவந்தாள். மலையம்மாள் ரேஷன் கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். தொண்ணூற்றிரண்டு வேண்டும், அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நாச்சியாபுரத்தில் இருப்பதில் கொஞ்சம் எடுத்துக் கண்டனூருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவர்கள் கருவியைக் காற்றிடம் கொண்டுபோகவில்லை, நான் காற்றைக் கருவியிடம் கொண்டுவருகிறேன்.

கருவியிலிருந்து மூன்று அடி தள்ளி, பூக்கல் தரையின் குளிர்ச்சியில் கன்னம் பதித்து அகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. இவ்வளவு ஆழமாகத் தூங்கி எத்தனை நாள். சரி, முதலில் தீக்குச்சி மட்டும் கிழித்துப் பார்ப்போம் என்று குந்தி உட்கார்ந்து கிழித்தாள்.

மருந்து நெடி எழுந்தது. சிவப்பு எழுத்து 4.1 ஆனது. பிறகு 4.3. அகிலா தூக்கத்திலேயே இருமினாள்.

ஹேமாவதி இரண்டையும் பார்த்தாள். விரல் சுடும் வரை பார்த்தாள். ஒரு குச்சிக்கு இந்த இருமல் என்றால் தொண்ணூற்றிரண்டுக்கு எத்தனை என்று மனம் தானாக வகுக்கத் தொடங்கியது. குச்சியை உள்ளங்கையில் வைத்து அணைத்தாள். டயர்த் துண்டைக் கொல்லைப்புறக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் படுத்தாள். சத்தம் வராமல் அழுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஊரில் ஒரு வருடமாக அதற்குப் பயிற்சி.

முப்பத்தொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு இசைவாணை ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. தரை அளவு நான்கு. சட்ட வரம்பில் இருபதில் ஒரு பங்கு. ஆலைக்குப் பாராட்டுச் சான்றும் உண்டு என்று பொன்னழகு போனில் சொன்னாள். ஹேமாவதி அன்று ஊருக்குத் திரும்பாமல் பிள்ளையோடு கண்டனூரிலேயே இருந்தாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஹரிகிருஷ்ணனும் சேவுகப்பெருமாளும் ஒரே காரில் கண்டனூர் வந்து இறங்கினார்கள். மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் உத்தரவு அவர்கள் கையில் இருந்தது. காலையில் எழுதி மத்தியானம் முத்திரை குத்தி மாலையில் நேரில் கொண்டுவந்திருந்தார்கள். அலுவலகத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகம் நடந்ததில்லை.

"டிசம்பர் 28 பிற்பகல் 2.12 மணிக்கு அளவு 4.0இலிருந்து 4.3 ஆக உயர்ந்துள்ளது. ஆய்வில், கருவியின் அருகே அங்கீகாரம் இல்லாத உமிழ்வு மூலம் ஒன்று இயங்கிவருவது கண்டறியப்பட்டது. பெயர்: அகிலா. வயது: 9. உமிழ்வு வகை: மூச்சு. மேற்படி மூலம் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும், அல்லது அப்புறப்படுத்தப்பட வேண்டும்."

ஹேமாவதி உத்தரவைக் கையில் வாங்கினாள். பதினோரு மாதமாக அவள் கேட்ட நிறுத்த ஆணை, அதே தாளில், அதே முத்திரையோடு இருந்தது.

"சார், அது எம் மக இல்ல. நாந்தேன். தீக்குச்சி கிழிச்சேன்."

ஹரிகிருஷ்ணன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார். "தீக்குச்சிக்கு எங்ககிட்டத் தலைப்பு இல்லம்மா. மூச்சுக்கு இருக்கு."

"உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல," என்றார் சேவுகப்பெருமாள் ஆறுதலாக. "காத்து சுத்தமா இருக்கணும்னுதான நீங்களும் பாடுபட்டீக."

அகிலா உடுப்புப் பையோடு வந்து நின்றாள். உத்தரவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "மூச்சு விட்டது தப்பாம்மா?" என்று கேட்டாள். மலையம்மாள் "அவுங்க கெடக்காக, நீ வாடி தங்கம்" என்று சொல்லி, பிள்ளையைக் கட்டிக்கொண்டு இரண்டு அதிகாரிகளையும் ஏற இறங்கப் பார்த்தாள். அவர்கள் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹரிகிருஷ்ணன் ஒரு படிவத்தை நீட்டினார். மூலம் அகற்றப்பட்ட நேரம் என்ற இடத்தில் ஹேமாவதி நாலு மணி இருபது என்று நிரப்பினாள். அடுத்த வரியில், மூலம் மாற்றி வைக்கப்படும் இடம் என்று இருந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, நாச்சியாபுரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஹரிகிருஷ்ணன் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார். "நல்ல எடந்தான். அங்குட்டுக் காத்து நாலுதான்."